ஆறு மாதமாக ஸ்குவாட் செய்கிறேன், இடுப்பு பெல்ட் வாங்கலாமா? எதை வாங்குவது, எப்படிக் கட்டுவது?

வயது இருபத்தேழு, ஜிம்மில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது, ஸ்குவாட் (கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) 80 கிலோ, டெட்லிஃப்ட் (தரையிலிருந்து கம்பியைத் தூக்கி நிமிர்வது) 100 கிலோ போகிறது, கூட இருப்பவர்கள் எல்லோரும் பெல்ட் கட்டுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். 10 மி.மீ. வாங்குவதா 13 மி.மீ. வாங்குவதா, லீவரா பக்கிளா, சென்னை வியர்வையில் தோல் பெல்ட் தாங்குமா என்பவை உங்கள் கேள்விகள். ஆனால் நடுவில் போகிற போக்கில் ஒரு வரி இருக்கிறது: டெட்லிஃப்ட் செய்த மறுநாள் கீழ்முதுகு பிடித்துக்கொள்கிறது, பெல்ட் போட்டால் சரியாகிவிடும் என்று மாஸ்டர் சொன்னார். உங்கள் உண்மையான கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. எந்த பெல்ட் என்பதற்கு அப்புறம் வருகிறேன்.

நான் மருத்துவர் இல்லை, பிசியோதெரபிஸ்டும் இல்லை. மாநில அளவு வரை வலுதூக்குதல் (பவர்லிஃப்டிங்) போட்டிகளில் கலந்துகொண்டவன். பதினான்கு வருடமாகச் சென்னையில் ஒரு சின்ன ஜிம்மில் ஆட்களுக்குத் தூக்கக் கற்றுக்கொடுக்கிறேன். கீழே எழுதுவதில் ஆராய்ச்சியில் உறுதியானது எது, நான் பழக்கத்தில் பார்த்தது எது, இன்னும் முடிவாகாதது எது என்று அங்கங்கே பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

பெல்ட் முதுகைத் தாங்கிப் பிடிக்கிறது, உடைந்த கைக்கு மட்டை வைத்துக் கட்டுவதுபோல என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. விலா எலும்புக் கூட்டுக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் எலும்பு என்று இருப்பது முதுகுத்தண்டு ஒன்றுதான், மற்றதெல்லாம் தசையும் குடலும். மூச்சை ஆழமாக இழுத்தால் மேலே உதரவிதானம், அதாவது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள தசை, கீழிறங்குகிறது. அடியில் இடுப்புத் தளத் தசை இருக்கிறது. சுற்றிலும் வயிற்றுத் தசைகள். எல்லாம் ஒரே நேரத்தில் இறுகினால் உள்ளே அழுத்தம் ஏறி, நடு உடம்பு விறைப்பாகிறது. மூடி திறக்காத தண்ணீர் பாட்டில் மேல் காலை வைத்தால் சட்டென்று நசுங்காது, திறந்து பாதி காலியானது நசுங்கிவிடும். அதே விஷயம்தான். பெல்ட்டின் வேலை, அப்படி வெளியே தள்ளும் வயிற்றுக்கு முட்டிக்கொள்ள ஒரு சுவரைக் கொடுப்பது. தள்ளுவது நீங்கள்தான். தள்ளத் தெரியாதவர் கட்டினால் அது இடுப்பைச் சுற்றிய தோல் துண்டு, அவ்வளவே.

இதில் உறுதியானது என்ன? பெல்ட் கட்டித் தூக்கும்போது வயிற்றுக்குள் அழுத்தம் கூடுகிறது என்பது உறுதி. எவரெட் ஹார்மன் குழு 1989-இல் டெட்லிஃப்ட்டில் அளந்து காட்டியது. அதற்கு அடுத்த வருடம் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் மெக்கில் செய்த ஆய்விலும் பெல்ட்டோடு அழுத்தம் ஏறியது. ஆனால் முதுகுத் தசைகளின் வேலை பெரிதாகக் குறையவில்லை. இதை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: பெல்ட் கட்டினாலும் முதுகு தன் வேலையை முழுதாகச் செய்துகொண்டுதான் இருக்கிறது. பெல்ட்டுக்குப் பழகியவர்கள் கனமான எடையைக் கொஞ்சம் வேகமாக எழுப்புகிறார்கள் என்றும் ஸ்குவாட் ஆய்வுகள் சொல்கின்றன. என்னிடம் பழகியவர்களில் பெரும்பாலோருக்குச் சில கிலோ கூடுகிறது. சிலருக்கு ஒன்றுமே கூடுவதில்லை.

காயம் வராமல் காக்குமா என்பதில் இன்னும் தெளிவு இல்லை. அமெரிக்காவில் பணிப் பாதுகாப்பை ஆராயும் அரசு நிறுவனமான நயாஷ், காயம் இல்லாத தொழிலாளர்களுக்கு முதுகு பெல்ட் காயத்தைத் தடுக்கும் என்பதற்குச் சான்று போதாது என்று 1994-இலேயே சொல்லிவிட்டது. பிறகு அந்த நிறுவனமே, புதிதாகத் திறக்கப்பட்ட 160 கடைகளில் சரக்குத் தூக்கும் ஆயிரக்கணக்கான ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்தது. 2000-ஆம் ஆண்டு ஜாமா என்ற மருத்துவ இதழில் முடிவு வந்தது. பெல்ட் அணிந்தவர்களுக்கும் அணியாதவர்களுக்கும் முதுகுவலியிலோ காயத்திலோ சொல்லும்படி வேறுபாடு இல்லை. ஒன்று கவனிக்க வேண்டும். அது நாள் முழுக்க மாட்டிக்கொள்ளும், இழுத்தால் நீளும் துணி பெல்ட். நாம் பேசுவது ஒரு செட்டுக்கு அரை நிமிடம் இறுக்கிக் கட்டும் தடித்த தோல் பெல்ட். ஒன்றின் முடிவை அப்படியே இன்னொன்றுக்குத் தூக்கிப்போட முடியாது. ஆனால் ஜிம் பெல்ட் காயத்தைத் தடுக்கிறது என்று அடித்துச் சொல்லவும் யாரிடமும் நல்ல சான்று இல்லை. இதற்கு நேர் எதிராக, பெல்ட் கட்டினால் வயிற்றுத் தசை பலவீனமாகிவிடும் என்ற பயமும் ஊரெல்லாம் இருக்கிறது. அதற்கும் ஆதாரம் இல்லை. தசை உள்ளே வேலை செய்தால்தானே பெல்ட்டே வேலை செய்யும்?

சரி, உங்கள் முதுகுக்கு வருவோம். மறுநாள் காலையில் முதுகெலும்பின் இரண்டு பக்கமும் சமமாக இறுக்கம், நடக்க நடக்க இளகி இரண்டு நாளில் போய்விடுகிறது என்றால் பெரும்பாலும் அது தசைக் களைப்பு, அல்லது தூக்கும் முறையில் ஒரு கோளாறு. புதியவர்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது இரண்டு. ஒன்று, கம்பி காலை ஒட்டி வராமல் இரண்டு மூன்று அங்குலம் முன்னால் விலகிப்போவது. இன்னொன்று, முதல் அசைவிலேயே இடுப்பு மட்டும் மேலே ஏறிவிட, பாக்கியை முதுகு மட்டுமே இழுப்பது. பக்கவாட்டில் போனை வைத்து ஒரு வீடியோ எடுங்கள், தெரிந்துவிடும். ஆனால் வலி தொடை தாண்டி முழங்காலுக்குக் கீழே இறங்கினால், கால் மரத்தால், பாதத்தைத் தூக்க முடியாமல் தளர்ந்தால் எடையைக் கீழே வைத்துவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். தொடையிடுக்கில் உணர்ச்சி மரத்துப்போவது, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இழப்பது என்று வந்தால் அன்றைக்கே மருத்துவமனை போக வேண்டும். அது அவசரம்.

சில வருடங்களுக்கு முன் கோயம்பேடு மார்க்கெட்டில் மூட்டை இறக்கும் ஒருவர் என்னிடம் வந்தார். முதுகுவலிக்காக பெல்ட் வாங்கி, விடிகாலை இரண்டு மணி முதல் மதியம் வரை கழற்றாமல் கட்டிக்கொண்டிருந்தார். முதல் வாரம் சுகமாக இருந்ததாம், அந்தத் தெம்பில் கூடுதலாக மூட்டை எடுத்திருக்கிறார். மூன்றாவது வாரம் குனிய முடியவில்லை. நம் ஊரில் ஒரு வேலையில் இறங்குவதையே வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினார் என்கிறோம். சுமை தூக்குபவர்கள் இடுப்பில் துண்டை இறுக்கிச் சுற்றுவதும் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. அந்த இறுக்கம் தைரியம் கொடுக்கும். வலி சொல்லும் சேதியை அந்தத் தைரியம் மறைத்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. அவருக்கு நான் செய்தது, பெல்ட்டை வீட்டில் வைக்கச் சொல்லி, மருத்துவரிடம் காட்டிவிட்டு வரச் சொல்லி, இடுப்பை மடக்கிக் குனியக் கற்றுக்கொடுத்தது மட்டும்தான்.

அப்படியானால் உங்களுக்கு இப்போதே பெல்ட் வேண்டுமா? முதுகுப் பிடிப்பு தீரும்வரை வேண்டாம். தீர்ந்த பிறகும் என்னிடம் ஒரு வழக்கம் உண்டு: தன் உடல் எடை அளவுக்கு கம்பியில் ஏற்றி, ஐந்து முறை முதுகு வளையாமல் ஸ்குவாட் செய்ய வரட்டும், அதற்கு மேல் பெல்ட் பற்றிப் பேசலாம். இதற்கு ஆராய்ச்சி ஆதாரம் எதுவும் கிடையாது, என் கை அனுபவம் மட்டுமே. வேறு பயிற்சியாளர் வேறு அளவு சொல்வார், அதிலும் தப்பில்லை. அந்த இடைவெளியில் மூச்சைப் பழகுங்கள். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, இரண்டு கைகளையும் விலாவுக்குக் கீழே இடுப்பின் பக்கவாட்டில், கட்டைவிரல் பின்பக்கம் போகும்படி வையுங்கள். மூக்கால் இழுக்கும் மூச்சு நெஞ்சைத் தூக்காமல் விரல்களையும் கட்டைவிரலையும் வெளியே தள்ள வேண்டும். முன்வயிறு மட்டும் உப்பினால் பாதி வேலைதான். பக்கமும் முதுகும் சேர்ந்து விரிய வேண்டும். படுத்த நிலையில் கைவந்தபின் நின்று செய்யுங்கள், அப்புறம் வெறும் கம்பியோடு. தினமும் ஐந்து நிமிடம் என்று இரண்டு மூன்று வாரம் செய்தால் போதும். பெல்ட்டுக்கு நாலாயிரம் ரூபாய் கொடுக்கும் முன் இந்த ஐந்து நிமிடங்களைக் கொடுங்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சுகிறேன், கேட்பவர்கள் குறைவு.

இனி எதை வாங்குவது. கடைகளில் கிடைப்பது மூன்று வகை. முதுகுப் பக்கம் அகலமாகவும் வயிற்றுப் பக்கம் ஒடுங்கியும், உள்ளே பஞ்சு மெத்தை வைத்தும் வருவது ஒன்று. பார்க்க கம்பீரமாக இருக்கும், விலையும் குறைவு. ஆனால் வயிறு தள்ளுவது முன்பக்கம், அங்கேதான் இதில் அகலம் குறைவு, மெத்தையும் அமுங்கிவிடும். இதை நான் பரிந்துரைப்பதில்லை. இரண்டாவது நைலான் துணியில் ஒட்டும் பட்டை வைத்தது. லேசானது, நினைத்த இறுக்கத்துக்கு வைத்துக்கொள்ளலாம், துவைக்கலாம். பளுதூக்குதலில் வரும் ஸ்நாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் செய்பவர்களுக்கும், நிறைய அசைந்து பயிற்சி செய்பவர்களுக்கும், இடுப்பு சிறியவர்களுக்கும் இது நன்றாகவே பொருந்தும். கனம் ஏற ஏற ஒட்டும் பட்டை திடீரென்று பிரியும் என்பது அதன் குறை. மூன்றாவது, சுற்றிலும் ஒரே அகலம் உள்ள தடித்த தோல் பெல்ட். ஸ்குவாட்டும் டெட்லிஃப்ட்டும்தான் உங்கள் முக்கியப் பயிற்சி என்றால் இதுதான் சரி.

அகலம் 10 செ.மீ. பெரும்பாலோருக்குச் சரியாக இருக்கும். என்றைக்காவது போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால் இதை நினைவில் வையுங்கள்: சர்வதேச வலுதூக்குதல் கூட்டமைப்பின் விதிப்படி பெல்ட்டின் அகலம் 10 செ.மீ., தடிமன் 13 மி.மீ. தாண்டக் கூடாது, உள்ளே மெத்தை கூடாது. பளுதூக்குதல் வேறு விளையாட்டு. வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோவிலும் 2018 கோல்ட் கோஸ்டிலும் காமன்வெல்த் தங்கம் வாங்கினாரே, அது. அங்கே 12 செ.மீ. வரை அனுமதி. ஆக 10 செ.மீ. வாங்கினால் இரண்டு மேடையிலும் அகலம் ஒரு பிரச்சினை ஆகாது. உயரம் குறைந்தவர்களுக்கும் நடு உடம்பு குட்டையாக உள்ளவர்களுக்கும் குனியும்போது 10 செ.மீ. பெல்ட் விலாவில் குத்தும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் உங்கள் நான்கு விரல் தாராளமாக அடங்கவில்லை என்றால் 7.5 செ.மீ. பெல்ட்டை ஒருமுறை கட்டிப் பாருங்கள்.

தடிமனில் என் முடிவு உறுதியானது: 10 மி.மீ. வாங்குங்கள். 13 மி.மீ. பெல்ட் பழகவே மாதக்கணக்கில் ஆகும், அதுவரை இடுப்பு எலும்பில் கன்றிப்போகும், பலர் அந்தக் கட்டத்திலேயே அலுத்துப் போய் பையில் போட்டுவிடுகிறார்கள். இருநூறு கிலோவுக்கு மேல் ஸ்குவாட் செய்பவர்களிலும் 10 மி.மீ. பெல்ட்டோடு சந்தோஷமாக இருப்பவர்களை எனக்குத் தெரியும். அந்த 3 மி.மீ. எத்தனை கிலோ கூட்டும் என்று யாராவது எண் சொன்னால் நம்ப வேண்டாம்.

லீவரா பக்கிளா என்பது வசதியைப் பொறுத்தது. லீவர் ஒரே தட்டில் பூட்டும், ஒரே தட்டில் திறக்கும், எப்போதும் ஒரே இறுக்கம். ஆனால் இறுக்கத்தை மாற்ற வேண்டுமென்றால் திருப்புளி எடுத்து இரண்டு திருகையும் கழற்ற வேண்டும். ஸ்குவாட்டுக்கு ஒரு இறுக்கம், டெட்லிஃப்ட்டுக்கு ஒரு இறுக்கம் வேண்டுபவருக்கும், உடல் எடை மாறிக்கொண்டே இருப்பவருக்கும், ஒரே பெல்ட்டை அண்ணன் தம்பி இருவர் பகிர்வதற்கும் இது தொந்தரவு. ஒற்றை ஊசி பக்கிள் எளிது, பழுதாவது அரிது, எந்தச் செருப்புத் தைப்பவரும் சரிசெய்து கொடுத்துவிடுவார். இரட்டை ஊசியில் பலம் கூடுதல் என்பார்கள். ஒற்றை ஊசி உடைந்து நான் பார்த்ததில்லை, இரட்டை ஊசியை அவசரத்தில் இரண்டு துளையிலும் மாட்ட முடியாமல் திணறுபவர்களைத் தினமும் பார்க்கிறேன். முதல் பெல்ட்டுக்கு ஒற்றை ஊசி. துளைகளுக்கு நடுவே உள்ள தூரத்தையும் பாருங்கள். ஒரு அங்குல இடைவெளியில் ஒரு துளை தளர்வாகவும் அடுத்தது மூச்சு முட்டவும் இருப்பது பலரும் சொல்லும் குறை. அரை அங்குல இடைவெளி கிடைத்தால் விடாதீர்கள்.

அளவு எடுப்பதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. பேன்ட் அளவைச் சொல்லி வாங்காதீர்கள். பேன்ட் 32 போடுபவருக்குத் தொப்புளைச் சுற்றி அளந்தால் 35, 36 வருவது சர்வ சாதாரணம். டெய்லர் டேப்பை எடுத்து, ஜிம்முக்குப் போடும் டீஷர்ட்டோடு, வயிற்றை உள்ளே இழுக்காமல் இயல்பாக நின்று, தொப்புள் மட்டத்தில் அளங்கள். அந்த எண் பெல்ட்டின் நடுத் துளைக்கு வர வேண்டும். எடை கூடினாலும் குறைந்தாலும் இரண்டு பக்கமும் இடம் இருக்கும். தோல் நல்லதா என்று பார்க்க, வெட்டு விளிம்பைப் பாருங்கள். முழுத் தோலாகவோ தோலும் தோலும் ஒட்டித் தைத்ததாகவோ இருந்தால் நார் நாராகத் தெரியும். மேலே மெல்லிய தோல், நடுவே அட்டைபோல் அமுக்கிய தூள் இருந்தால் வேண்டாம், கொஞ்ச நாளிலேயே மடிப்பில் வெடிக்கும். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல் பொதுவாக விறைப்பாக நிற்கும், குரோம் உப்பில் பதனிட்டது துவளும். நம் ஊரில் ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிட்டவர்கள் இந்த விறைப்பை நன்றாக அறிந்தவர்கள். உள்பக்கம் மயிர்போன்ற ஸ்வேட் (suede) தோலாக இருந்தால் வியர்வையில் வழுக்காது.

கட்டும் முறைக்கு வருவோம். பெல்ட்டின் நடு தொப்புள் மட்டத்தில் அல்லது அதற்குச் சற்று மேலே இருக்கட்டும். ஸ்குவாட்டில் சிலருக்கு இரண்டு விரல் கீழே வைத்தால் பிடிக்கும், டெட்லிஃப்ட்டில் பலருக்குக் கொஞ்சம் ஏற்றிக் கட்டினால் குனிய எளிது. இதில் ஒரே சரியான இடம் கிடையாது. விலாவையும் தொடையையும் இடிக்காமல், சுற்றிலும் வயிறு படும் இடத்தைத் தேடிக் கண்டுபிடியுங்கள். பாதி மூச்சு விட்ட நிலையில் பூட்டுங்கள். பூட்டிய பிறகு ஒரு விரல் சிரமப்பட்டு நுழைய வேண்டும், இரண்டு விரல் எளிதாக நுழைந்தால் தளர்வு. அப்புறம் மூச்சை நிரப்பும்போது பெல்ட் சுற்றிலும் ஒரே மாதிரி இறுகுவது தெரிய வேண்டும். கையால் இழுத்து முடியவில்லை என்றால், பெல்ட் வாலை ஸ்குவாட் ரேக்கின் தூணில் கொடுத்துப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தால் ஒரு துளை கூடுதலாக வரும். ஆனால் அந்தக் கூடுதல் துளை தேவைதானா என்று யோசியுங்கள்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு மாநிலப் போட்டியில் மூன்றாவது டெட்லிஃப்ட்டுக்கு வழக்கத்தைவிட ஒரு துளை இறுக்கிக் கட்டினேன், பலம் கூடும் என்று. நின்றபோது நன்றாகத்தான் இருந்தது. குனிந்து கம்பியைப் பிடித்தபோது மூச்சு உள்ளே போக இடமில்லை. நெஞ்சில் பாதி மூச்சோடு இழுத்தேன். பயிற்சியில் பலமுறை எழுப்பிய எடைதான், அன்றைக்கு முழங்காலைத் தாண்டவில்லை. மூச்சு விட இடம் வைத்துக் கட்டுவதுதான் இறுக்கத்தின் அளவு என்று அன்றிலிருந்து எல்லோருக்கும் சொல்கிறேன். டெட்லிஃப்ட்டுக்கு ஸ்குவாட்டைவிட ஒரு துளை தளர்த்திக் கட்டும் பழக்கமும் அதற்குப் பிறகு வந்ததுதான்.

தூக்கும்போது வரிசை இப்படி. கம்பிக்கு அடியில் நின்று, முழு மூச்சை வயிற்றுக்குள் இறக்கி, அடக்கி, சுற்றிலும் பெல்ட்டை முட்டித் தள்ளுங்கள். இறங்கி ஏறும்போது கடினமான இடத்தைத் தாண்டும்வரை மூச்சை விடாதீர்கள். மேலே நின்றபின் விட்டு, மறுபடி நிரப்புங்கள். ஒரே மூச்சில் ஐந்து முறை செய்ய முயலாதீர்கள். தலை சுற்றுவதற்கு அதுவும் ஒரு காரணம். செட் முடிந்ததும் பெல்ட்டைத் தளர்த்திவிடுங்கள். ஜிம்முக்குள் நுழைந்ததிலிருந்து வெளியே போகும்வரை கட்டிக்கொண்டே நடப்பதில் எந்தப் பயனும் இல்லை. பைசெப்ஸுக்கும் லேட் புல்டவுனுக்கும் அது வேண்டாம். உங்களால் அதிகபட்சம் தூக்க முடிந்ததில் முக்கால் பங்கு வரை பெல்ட் இல்லாமலே செய்துவிட்டு, அதற்கு மேல் போகும் செட்டுகளுக்கு மட்டும் கட்டச் சொல்வது என் வழக்கம். இடுப்புச் சதை பக்கிளில் சிக்கிக் கிள்ளினால் தடித்த பருத்தி டீஷர்ட் போடுங்கள். டெட்லிஃப்ட்டில் பக்கிளைக் கொஞ்சம் ஓரமாகத் தள்ளிக் கட்டினாலும் கிள்ளாது.

யார் கட்டும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும் என்பதை அவசரமாகக் கடந்துவிட முடியாது. மூச்சை அடக்கித் தூக்கும்போது ரத்த அழுத்தம் எவ்வளவு ஏறும் என்பது பலருக்குத் தெரியாது. 1985-இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மெக்டூகல் குழு ஐந்து பாடிபில்டர்களின் தமனிக்குள் குழாய் செருகி நேரடியாக அளந்தது. இரண்டு காலாலும் கனமான லெக் பிரஸ் தள்ளியபோது உச்ச அழுத்தம் சராசரியாக 320/250. ஒருவருக்கு 480/350 தாண்டியது. ஆரோக்கியமான இளைஞருக்கு அது சில நொடியில் இறங்கிவிடும். ஏற்கெனவே ரத்த அழுத்தம் உள்ளவர், இதய நோயாளி, கண்ணில் கிளாக்கோமாவோ விழித்திரைக் கோளாறோ உள்ளவர், குடலிறக்கம் உள்ளவர், சமீபத்தில் வயிற்று அறுவைசிகிச்சை ஆனவர், கர்ப்பிணிகள் எல்லோரும் தங்கள் மருத்துவரிடம் பேசாமல் இதைத் தொடக் கூடாது. இருபத்தேழு வயதுதானே என்று இருக்காதீர்கள். அழுத்தத்தை ஒருமுறை அளந்து பாருங்கள், எத்தனையோ பேருக்கு அளக்கும்வரை தெரிவதில்லை. நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது கழித்துக் கட்டட்டும்.

இன்னொன்று, பெண்கள் கேட்கத் தயங்குவது. கனமாகத் தூக்கும்போது சில துளி சிறுநீர் கசிவது, குறிப்பாகக் குழந்தை பெற்றவர்களுக்கு, பரவலாக நடப்பது. பெல்ட் ஏற்றும் அழுத்தம் பக்கவாட்டில் மட்டும் போவதில்லை, கீழே இடுப்புத் தளத்துக்கும் போகிறது. என்னிடம் பயிலும் ஒரு அக்கா இதைச் சொல்லவே ஒரு வருடம் ஆனது. பெல்ட்டை நிறுத்தி, இடுப்புத் தளப் பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்ட்டைப் பார்த்து, எடையைக் குறைத்து மறுபடி ஏறி வந்தார். இப்போது பெல்ட்டோடு தூக்குகிறார். எல்லோருக்கும் அப்படியே ஆகும் என்று என்னால் சொல்ல முடியாது, ஆனால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டிய விஷயம் இல்லை.

கடைசியாகப் பராமரிப்பு. புதுத் தோல் பெல்ட் பலகைபோல இருக்கும். பாய் சுருட்டுவதுபோல இறுக்கிச் சுருட்டி, பிரித்து, மறுபக்கமாகச் சுருட்டி, தினமும் பத்துப் பதினைந்து முறை செய்யுங்கள். அப்புறம் வீட்டில் கொஞ்ச நேரம் தளர்வாகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து எழுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் உங்கள் இடுப்பின் வளைவுக்கு வந்துவிடும். தண்ணீரில் ஊறவைப்பது, வெயிலில் போட்டு இளக்குவது, வண்டிச் சக்கரத்தின் கீழ் வைப்பது எல்லாம் ஒட்டையும் தையலையும் கெடுக்கும். தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். நம் வீடுகளில் தோல் என்றாலே எண்ணெய் பூசும் கை தானாகப் போகும். பெல்ட்டுக்கு விறைப்புதான் உயிர், எண்ணெய் அதைத் துவளவைக்கும், நாள்பட்டால் சிக்கு வாடை வரும். வெளிப்பக்கம் வழவழப்பான தோலாக இருந்து, வறண்டு வெடிப்பதுபோலத் தெரிந்தால் மட்டும் வருடத்துக்கு ஒருமுறை தோலுக்கான கண்டிஷனரைத் துணியில் தொட்டு மெல்லிசாகப் பூசுங்கள். ஸ்வேட் பக்கத்துக்கு எதுவும் பூச வேண்டாம், மென்மையான பிரஷ் போதும்.

சென்னையில் பெல்ட்டைக் கொல்வது பூஞ்சைதான். நான் இருப்பது கடலுக்குப் பக்கத்தில். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு வாரம் பைக்குள் விட்டால் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். ஒவ்வொரு முறையும் பயிற்சி முடிந்ததும் உலர்ந்த துணியால் உள்ளும் புறமும் துடையுங்கள், வியர்வை உப்பு அங்கேயே காயக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் பையிலிருந்து எடுத்து, ஆணியிலோ கதவுக் கொக்கியிலோ பக்கிளால் தொங்கவிடுங்கள், மின்விசிறிக் காற்று படட்டும், நேர் வெயில் வேண்டாம். பூஞ்சை வந்துவிட்டால் வெளியே கொண்டுபோய் உலர்ந்த பிரஷால் தட்டி, பாதி வினிகர் பாதி தண்ணீர் கலந்து பிழிந்த துணியால் துடைத்து, நிழலில் முழுதாகக் காயவிடுங்கள். அலமாரியில் வைத்தே ஆகவேண்டும் என்றால் கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போடுங்கள். நைலான் பெல்ட்டைச் சோப்புத் தண்ணீரில் கையால் அலசி நிழலில் உலர்த்தினால் போதும், ஒட்டும் பட்டையில் சேரும் நூலையும் முடியையும் பழைய பல் துலக்கும் பிரஷால் எடுத்துவிடுங்கள்.

மாதம் ஒருமுறை துளைகளைச் சுற்றிக் கீறல் ஓடுகிறதா, தையல் பிரிகிறதா, ரிவெட் ஆடுகிறதா என்று பாருங்கள். லீவர் வைத்தது என்றால் திருகுகளை இறுக்கிக்கொள்ளுங்கள், ஆடி ஆடித் தளரும். லீவரில் மெல்லிய வெடிப்பு தெரிந்தால் அன்றைக்கே மாற்றுங்கள், கனத்துக்குக் கீழே இருக்கும்போது அது விடக் கூடாது. நான் இப்போது கட்டும் ஒற்றை ஊசி பெல்ட்டுக்குப் பன்னிரண்டு வயது, ஒருமுறை தையல் மட்டும் மாற்றியிருக்கிறேன்.

முதலில் அந்த டெட்லிஃப்ட் வீடியோ. பக்கவாட்டிலிருந்து, இடுப்பு உயரத்தில் போனை வைத்து, 80 கிலோவில் மூன்று முறை எடுத்துப் பாருங்கள். கம்பி காலை விட்டு எங்கே விலகுகிறது என்றும், தொப்புள் மட்டத்து அளவு எவ்வளவு என்றும் இங்கேயே எழுதினால், பெல்ட் அளவையும் சேர்த்துச் சொல்கிறேன்.